ஊசி போட்ட ராத்திரி யார் இருப்பார்கள்? முகாம்களில் தடுப்பூசித் தயக்கம்

வடஎல்லை

கும்மிடிப்பூண்டி பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலும், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களிலும் குழந்தைத் தடுப்பூசி வேலை பார்க்கிறவர்களுக்காக இந்த இழை. கேரள எல்லைக்காரர்களும் எழுதுங்கள்.

முதலில் நம் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். தவணை தவறிய குழந்தைக்கு நேராக ‘மறுப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்னவோ இருக்கிறது. ஒரு வீட்டில் அப்பா பெயிண்டிங் வேலைக்கு நெல்லூர் போயிருப்பார், அவர் வராமல் ஊசி வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருப்பார். இன்னொரு வீட்டில் 6-வது வார ஊசிக்கு வந்த காய்ச்சல்தான் காரணம். மூன்றாவது வீட்டுத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றவர். ‘சளி இருக்கு, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் எதையும் மறுக்கவே இல்லை, பட்டியலில் மட்டும் மறுத்தவர் ஆகிவிட்டார்.

‘மறுப்பு’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு, தாய் சொன்ன வாக்கியத்தை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ‘போன தடவை ராத்திரி முழுக்க அழுதான்’ என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ‘அவங்க அப்பா வரட்டும்’ என்றால் வேறு வேலை. இப்படிப் பிரித்தால், ஊசியே ஆகாது என்று நிற்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சுவார்கள். பொழுது முழுவதும் அவர்களோடு வாதாடிவிட்டு, போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களை விட்டுவிடுகிறோம்.

இலேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு, 38 டிகிரிக்குக் கீழ் உள்ள காய்ச்சல் எதற்கும் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. எடை குறைந்த குழந்தைக்கும் போடலாம். இதைச் செவிலியரும் முகாம் பொறுப்பாளரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் போடலாம் என்று சொல்லி மற்றவர் வேண்டாம் என்றால், வீட்டில் ‘வேண்டாம்’தான் ஜெயிக்கும்.

வன்னிக்காற்று

வடஎல்லை அண்ணா சொன்ன அந்த வாக்கியத்தை எழுதும்போது சொற்களிலும் கவனம் வேணும். முகாமில் பிறந்த பிள்ளைகள் இந்த ஊர்த் தமிழ்தான் கதைக்குதுகள். ஆனால் வீட்டில் முடிவு சொல்லுற அம்மம்மாவிடம் பழைய சொல்தான் இருக்கு. தட்டம்மை என்றால் அவவுக்கு விளங்காது, ‘சின்னமுத்து’ என்றால் உடனே விளங்கும். பொன்னுக்கு வீங்கி இங்கத்தைய சொல், எங்களுக்கு அது கூகைக்கட்டு. ரண ஜன்னியை ஏற்புவலி என்போம், தொண்டை அடைப்பானைத் தொண்டைக்கரப்பன் என்போம். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசியை ‘எம்.ஆர். ஊசி’ என்று மட்டும் சொன்னால் அது என்னத்துக்கு என்றே தெரியாமல் போகும். ‘சின்னமுத்து வராமல் இருக்கப் போடுற ஊசி’ என்றால், சின்னமுத்து வந்து கண்ணும் நெஞ்சும் கெட்ட பிள்ளையைப் பார்த்த கிழவி தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவா.

இன்னொரு சொல் ஆபத்தானது: ‘இழுப்பு’. எங்கட பக்கம் பெரும்பாலும் மூச்சிழுப்பைத்தான் அப்படிச் சொல்லுவினம். கேட்கிறவர் அதை வலிப்பு என்று எழுதினால் தொண்டைக்கரப்பன், கக்குவான், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியே அந்தப் பிள்ளைக்கு நின்று போகலாம். மறுவளமாகவும் நடக்கும். ‘கை கால் வெட்டினதா, கண் மேலே செருகினதா, இல்லை மூச்சு வாங்கினதா’ என்று உடம்பைக் காட்டிக் கேளுங்கோ.

ஊசியின் எண்ணிக்கையும் ஒரு காரணம். இலங்கையில் 2, 4, 6 மாதத்தில் போட்டுப் பழகின ஆட்களுக்கு, இங்கே 6-வது வாரத்திலேயே ஒரே நாளில் மூன்று குத்து என்றால் நெஞ்சு பதறும். இடது தொடையில் ஐந்து நோய்க்கான பென்டா, வலது தொடையில் நிமோனியா தடுக்கிற பி.சி.வி., வலது மேல்கையில் தோலுக்குள் கொஞ்சமாகப் போலியோ ஊசி. அதோட வாயில் இரண்டு வகைச் சொட்டு. இதை முதல் நாளே வீட்டில் வைத்துச் சொல்ல வேணும். மேசைக்கு முன்னால் மூன்றாவது ஊசியை எடுக்கும்போது சொன்னால் ஏமாத்தினதாகத்தான் நினைப்பினம்.

மருந்துச்சீட்டு

6-வது வார ஊசிக்குக் கூட்டம் இருந்தும் 14-வது வாரத்துக்கு ஆள் குறைவதற்கு முக்கியமான காரணம் அந்த முதல் ராத்திரி. பென்டாவில் இருக்கும் கக்குவான் இருமல் மருந்து முழுச் செல் வகை, அதாவது கொன்ற கிருமியை முழுதாக வைத்துச் செய்தது. காய்ச்சல், வீக்கம், அழுகை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் பத்துக்குப் பத்து அறையில், பக்கத்துச் சுவர்க்காரர் தூக்கம் கெட, நடுராத்திரி கைக்குழந்தை வீறிடும்போது தாய்க்கு இது எதுவும் நினைவிருக்காது. அப்போது கூப்பிட ஓர் ஆள் இருந்தால் அடுத்த தவணைக்கு வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். நான் சமூக ஆதரவு என்று நினைப்பது இதைத்தான்: ஊசி நாளன்றும் மறுநாளும் ராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வரும் ஒரு பெண்.

அந்தப் பெண்ணிடம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும், பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு பாட்டிலும் இருக்க வேண்டும். அளவில்தான் பெரும் தவறு நடக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4 கிலோ குழந்தைக்கு 40 முதல் 60 மில்லிகிராம். கடையில் மூன்று விதமாகக் கிடைக்கும்:

சொட்டு மருந்து: 1 மில்லியில் 100 மில்லிகிராம். 4 கிலோவுக்கு அரை மில்லி போதும்.
சிரப்: 5 மில்லியில் 120 மில்லிகிராம். 4 கிலோவுக்கு 2 மில்லி.
அதே போன்ற பாட்டிலில் இன்னொரு சிரப்: 5 மில்லியில் 250 மில்லிகிராம். 4 கிலோவுக்கு 1 மில்லி.

‘2 மில்லி கொடு’ என்று வாய்வழி சொன்னது அடுத்த வீட்டுக்குப் போகும்போது, அங்கே இருப்பது சொட்டு மருந்தாக இருந்தால் குழந்தைக்கு 200 மில்லிகிராம் போய்விடும். 500 மாத்திரையைக் கால் பங்கு கரைத்துக் கொடுப்பதும் அப்படித்தான்: 125 மில்லிகிராம், இந்த எடைக்கு இரட்டிப்புக்கு மேல். முகாம் முழுக்க ஒரே வகைச் சொட்டு மருந்து, அந்தப் பாட்டிலோடு வந்த அதே சொட்டுக்குழாய் (பில்லர்) என்று முடிவு செய்யுங்கள். எத்தனை மில்லி என்பதை ஊசி நாளன்று எடை பார்த்ததும் செவிலியரிடம் கேட்டு, தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் இல்லை.

கம்பளியில் சுற்றாதீர்கள். தொடையைத் தேய்க்கக் கூடாது, எண்ணெயும் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. காசநோய்க்கான பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும், அது வரத்தான் வேண்டும். மருந்து ஏதும் பூசாதீர்கள்.

வலிப்பு, மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, துவண்டு போய்க் கூப்பிட்டால் திரும்பாமை, 3 மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, பால் குடிக்கவே மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108. கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், அதனால்தான் 30 நிமிடம் உட்காரச் சொல்வது. அந்த அரை மணி நேரம் உட்கார நிழலும் குடிதண்ணீரும் இல்லாவிட்டால் யாரும் இருக்கமாட்டார்கள்.

குளிர்பெட்டி

இந்த மாவட்டத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழகத்தில் ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். ‘திருவள்ளூரில் குழந்தைகள் செத்தது தெரியாதா’ என்று ஒரு பாட்டி கேட்டால் அது வதந்தி இல்லை. ‘அதெல்லாம் பொய்’ என்று சொன்ன நிமிடமே நம் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். ‘ஆமாம், நடந்தது’ என்று ஒப்புக்கொண்டு, இப்போது என்ன பார்க்கிறோம் என்பதை அவர் கண்முன் செய்து காட்டுங்கள்.

எம்.ஆர். தூள் மருந்து. கரைக்கும் நீர் அந்தத் தயாரிப்பாளர் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும், வேறெந்த நீரும் கூடாது. அதே பெட்டியில் வேறு மருந்து ஆம்பூல்கள் இருக்கக் கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுத வேண்டும். 4 மணி நேரம் ஆனால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்கு. இதில் கிருமிக்கொல்லி கிடையாது. நேரம் கடந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பெருகி, ஊசிக்குப் பின் சில மணி நேரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, பேதி என்று குழந்தையின் உயிருக்கே வந்துவிடும். குப்பியின் மூடியிலோ லேபிளிலோ இருக்கும், சூடு பட்டதைக் காட்டும் வட்டத்தையும் தாய்க்குக் காட்டுங்கள். உள்ளே உள்ள சதுரம் வெளி வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ, சதுரம் இன்னும் கறுத்தாலோ போடக் கூடாது. இதைப் பார்க்கத் தெரிந்த ஐந்து தாய்மார்கள் முகாமில் இருந்தால் போதும், சோதனை போடும் அதிகாரியைவிட அவர்கள் கண் கூர்மையாக இருக்கும்.

பென்டா, ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி., பி.சி.வி. எல்லாம் உறைந்தால் வீண். உறைந்த ஐஸ் பேக்கை நேரே மருந்து கொண்டுபோகும் கேரியரில் வைத்துவிடுகிறார்கள். வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகு 4 பேக்கையும் அடுக்க வேண்டும்.

அப்புறம், குப்பியைத் திறக்க ‘10 பேர் சேரட்டும்’ என்று தாய்மாரைக் காக்க வைக்கும் விஷயம். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியை உடைத்தே ஆக வேண்டும். மருந்து வீணாவது கணக்கில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது. வேலைக்கு லீவு போட்டு வந்த தாயைத் திருப்பி அனுப்பினால், அந்த நாள் கூலி போன கோபம் அடுத்த புதன்கிழமையும் நினைவிருக்கும்.

தடாதாண்டி

ஒரு யோசனை. ஆண்கள் எல்லாரும் முகாமுக்குத் திரும்புவது, அதிகாரிகள் வந்து ஆட்களை எண்ணிப் பார்க்கும் செக்கிங் நாளன்றுதான். ஆந்திரா, கேரளா என்று பெயிண்டிங் வேலையில் சிதறிக் கிடப்பவர்கள் அன்று கட்டாயம் இருப்பார்கள். ‘அவங்க அப்பா வரட்டும்’ என்ற வீடுகளுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. செக்கிங் வரிசையின் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டால் என்ன?

வன்னிக்காற்று

தயவுசெய்து வேண்டாம். நாள் சரி, இடம் பிழை. போலீசின் கியூ பிரிவும் வருவாய்த்துறையும் ஆட்களை எண்ணுற இடத்தில் ஊசி மேசை போட்டால், ஊசி போடாட்டில் அரசு தருகிற பணக்கொடையை வெட்டுவினம் என்ற கதை பின்னேரத்துக்குள் முகாம் முழுக்கப் போயிரும். பயத்தில் அன்று எல்லாரும் போடுவினம், எண்ணிக்கை நல்லாத்தான் தெரியும். அதுக்குப் பிறகு பாருங்கோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட நர்ஸம்மாவுக்குச் சொல்லமாட்டினம். பதிவில்லாத உறவுக்காரர் யாரும் ஒரு வீட்டில் தங்கியிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளையை வெளியிலேயே காட்டமாட்டினம்.

வடஎல்லை

இரண்டு பேர் சொல்வதையும் சேர்த்து இப்படி வைக்கலாம். செக்கிங் நாளன்று மாலை, முகாம் பள்ளியிலோ பால்வாடியிலோ பேச்சு மட்டும். அப்பாக்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கவிடுங்கள்; ஊசி, மேசை, பதிவேடு எதுவும் அன்று வேண்டாம். போலீஸ், வருவாய்த்துறை ஆட்களும் வேண்டாம். ஊசி வழக்கமான புதன்கிழமையே. தகப்பன் அதற்குள் வேலைக்குப் போய்விட்டால், குத்தும் முன் தாயின் போனில் அவரைக் கூப்பிட்டுச் செவிலியரே இரண்டு நிமிடம் பேசட்டும்.

ஆதார் இல்லை என்று குழந்தையைத் திருப்பக் கூடாது. குழந்தைத் தடுப்பூசித் திட்டம் எல்லாக் குழந்தைக்கும் இலவசம். ஆதார் இல்லாவிட்டால் ஊசியைப் போட்டுவிட்டு அட்டையில் எழுதுங்கள், கணினிப் பதிவைப் பிறகு பார்க்கலாம். போன் எண் எதற்குக் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்: அடுத்த தேதியை நினைவூட்ட. கோவிட் காலத்திலேயே, 2021 மே மாதம், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போட மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது. ஆகஸ்டில் இந்தியாவில் இருக்கும் வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டைக் காட்டி கோவின் தளத்தில் பதியலாம் என்றார்கள்.

தடாதாண்டி

ஒத்துக்கொள்கிறேன், இடத்தை யோசிக்காமல் எழுதிவிட்டேன். குடும்பத்தோடு சூளூர்பேட்டை, நெல்லூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆந்திராவில் புதனோடு சனிக்கிழமையும் ஊசி நாள். தமிழ்நாட்டு அட்டையை அங்கே காட்டினால் போதும், புது அட்டை கேட்டு அலைய வேண்டாம். அங்கே தெலுங்கு அட்டை கொடுத்துவிட்டால் பழையதைத் தூக்கிப்போடாமல் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், யாரும் படித்துக்கொள்வார்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்பாவின் போனில் ஒன்று, முகாம் பொறுப்பாளரிடம் ஒன்று.

குளிர்பெட்டி

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச்சிலிருந்து கடல் வழியாக வந்தவர்களிடம் இலங்கைக் குழந்தை வளர்ச்சி அட்டை இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பி, ‘முதலிலிருந்து போடுவோம்’ என்று சிலர் தொடங்கிவிடுகிறார்கள். வன்னிக்காற்று அக்கா, அதை எப்படிப் படிப்பது என்று எழுத முடியுமா?

வன்னிக்காற்று

முதலில் இருந்து தொடங்கவே கூடாது. எழுதியிருக்கிற ஒவ்வொரு தவணையும் கணக்குத்தான். இடைவெளி எவ்வளவு நீண்டாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம், பென்டாவுக்கும் எம்.ஆருக்கும் இரண்டு தவணைக்கு நடுவில் 4 கிழமை (வாரம்) இருந்தால் சரி.

அங்கே 9 மாதத்தில் போடுறது எம்.எம்.ஆர். அதில் இங்கத்தைய எம்.ஆர். அடங்கியிருக்கு, கூகைக்கட்டுக்கானதும் கூட இருக்கு. எனவே அது முதல் தவணையாகக் கணக்கு. ஆனால் அங்கே இரண்டாவது 3 வயதில், இங்கே 16 முதல் 24 மாதத்துக்குள். ஒன்றரை வயதுப் பிள்ளை வந்தால் 3 வயது வரை காத்திருக்காமல் இப்பவே இரண்டாவதைப் போட வேணும். நெரிசலான இடத்தில் சின்னமுத்து போற வேகத்துக்கு அந்த ஒன்றரை வருசம் பெரிய ஓட்டை.

வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா சொட்டும் பி.சி.வி.யும் இலங்கை அரச அட்டவணையில் இல்லை. ஒரு வயதுக்குள்ள பிள்ளை என்றால் இங்கே தொடங்கலாம், ஒரு வயது தாண்டினால் திட்டத்தில் முதல் தவணை கிடையாது. பென்டாவும் பி.சி.ஜி.யும் முதல் தவணைக்கு ஒரு வயதுதான் எல்லை. அதுக்குப் பிறகு 7 வயது வரை முக்கூட்டு, அதுக்கும் மேலே டி.டி. அட்டையே தொலைந்து போச்சு, ஒன்றும் நினைவில்லை என்றால் போடாத பிள்ளையாக எண்ணி வயதுக்கு ஏற்றபடி தொடங்குங்கோ; சின்னமுத்து ஊசி ஒன்று கூடிப்போனால் கெடுதல் இல்லை.

வாளையார்வழி

கேரள எல்லையில் எங்கள் பக்கம் வதந்திதான் முன்னால் வருகிறது. 2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் ஆடியோக்களால் பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள். அதே ஆண்டு கேரளத்தில் தொடங்கியபோது மலப்புறத்தில் எதிர்ப்பு வந்தது. அதே மலப்புறத்தில்தான் 2016-ல் தொண்டை அடைப்பான் பரவியது, 2022 கடைசியில் தட்டம்மையும் பரவியது. ஊசி போடாத குழந்தைகள் நிறைய இருந்ததால்தான் அப்படிப் பற்றியது. 2021-ல் நடிகர் விவேக் கோவிட் ஊசி போட்ட மறுநாளே நெஞ்சடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்ததும் இரண்டு மாநிலத் தமிழரிடமும் ஓடியது. இதயக் குழாய் அடைப்புதான் காரணம், ஊசியோடு தொடர்பில்லை என்று ஆய்வு செய்து சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில் வதந்தி போன தூரம் போகவில்லை.

ஆடியோ வந்தால் குழுவில் நீண்ட மறுப்பு எழுதாதீர்கள், வதந்திதான் இன்னும் பரவும். யார் அனுப்பினாரோ அவரிடம் நேரில் போய், ‘இதில் எது உங்களுக்குப் பயம்’ என்று கேளுங்கள். பள்ளிவாசலிலோ மாதா கோயிலிலோ மாரியம்மன் கோயில் திண்ணையிலோ அவர்கள் மதிக்கும் ஒருவர் தன் பேரப்பிள்ளைக்குப் போட்டதைச் சொன்னால் நம் பத்து விளக்கத்துக்குச் சமம். அம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டியிருந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஊசிப் பேச்சை எடுக்காதீர்கள். அந்த நாட்களில் பக்கத்து வீடுகளைப் பார்க்கலாம்.

கேள்வி: குழந்தை பிறக்காமல் செய்ய ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சை முகாமில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வன்னிக்காற்று

சிரிக்காமல் கேளுங்கோ, அதுதான் முதல். 2013-ல் கிளிநொச்சிக் கிராமங்களில் தாய்மாருக்குக் கட்டாயப்படுத்திக் கருத்தடைச் சாதனம் வைத்ததாகக் குற்றச்சாட்டு எழும்பினது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்துக்கு இந்தப் பயம் முட்டாள்தனம் இல்லை. செய்ய வேண்டியது: தடுப்பூசி நாளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது, அந்த நோட்டீஸ் சுவரில் இருக்கக் கூடாது, காப்பர் டி பற்றிக் கேட்கிற ஆள் அன்று வரவே கூடாது. குப்பியைக் கையில் கொடுத்துப் பேரை வாசிக்க விடுங்கோ. 10 வயதுப் பெட்டைக்கு டி.டி. போடும்போது அதே குப்பியில் இருந்து அதே வயதுப் பெடியனுக்கும் போடுறதைத் தாய் பார்க்கட்டும்.

மருந்துச்சீட்டு

ராத்திரிப் பொறுப்பாளர் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். முகாமில் ஒரு வீட்டு வரிசைக்கு (லைனுக்கு) இரண்டு பெண்கள், மாற்றி மாற்றி. புதன், வியாழன் இரண்டு ராத்திரி மட்டும்; தினமும் என்றால் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். போன் ரீசார்ஜுக்கும் போக்குவரத்துக்கும் காசு அவர்கள் கையிலிருந்து போகக் கூடாது, முகாம் தலைவரோ உதவி அமைப்போ முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவர்கள் மருந்தைத் தீர்மானிக்க வேண்டாம். அட்டையின் பின்னால் எழுதிய அளவைக் கொடுப்பது, காய்ச்சலைக் குறிப்பது, மேலே சொன்ன அறிகுறி இருந்தால் 108-ஐக் கூப்பிட்டுக் கூடவே போவது, அவ்வளவுதான். நோட்டில் நான்கு பத்தி போதும்: நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மில்லி, பால் குடித்ததா. வெள்ளிக்கிழமை காலை அந்த நோட்டைச் செவிலியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 108 வர நேரமானால் கூப்பிட ஓர் ஆட்டோக்காரரின் எண்ணை நோட்டின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ராத்திரி வண்டி எடுப்பவரா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு.